பாம்புக்கு விடுப்பில்லை

நடுநிலை தவறாத நண்பர்களே, சாட்சி சொல்ல வாருங்கள். கொலை நடந்திருக்கிறது, கொலையாளி என்று பிடித்துக் கொடுக்க ஆளில்லை. எட்டு உயிர்கள் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்குச் சாகத் தொடங்கி, இரவு எட்டு மணிக்குள் செத்து முடிந்தன. அவை சாவதை ஒருத்தி நாள் முழுவதும் அறிந்திருந்தாள். காப்பாற்றும் வழியையும் அறிந்திருந்தாள். சுவரில் செருகிய ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும். அந்தப் பிளக்குக்கும் அவளுக்கும் இடையே பதினோரு மைல் தொலைவும் ஒரு தாள் காகிதமும் இருந்தன. பதினோரு மைலை அவள் பறந்து கடந்திருப்பாள். காகிதத்தைத்தான் கடக்க முடியவில்லை.

செத்தவை பாம்புகள். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள், காத்திருக்கிறேன். நானும் சிரித்தவன்தான்.

அவள் பெயர் நோலா டாக்கெட். ஒஹையோ ஆற்றங்கரையில், எங்கள் ஊருக்கு வெளியே நிற்கும் பெரிய சரக்குக் கிடங்கில், ஏழாம் மேசையில் பொருள்களைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. அடுக்கிய பெட்டிக்கு டேப் ஒட்டி அனுப்புவது என் வேலை. என் பெயர் டெல்மர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒட்டுகிறேன்.

நோலா பாம்பு வாங்கியவள் அல்லள். மற்றவர்கள் வாங்கியதை ஏற்றுக்கொண்டவள். பாம்பு முப்பது ஆண்டு வாழும்; பாம்பு வளர்க்கும் ஆசை மூன்று ஆண்டுகூட வாழாது. டெக்சாசுக்கு வீடு மாறிப் போனவன் ஒன்றை விட்டுப் போனான். ‘நானா, அதுவா?’ என்று கேட்ட புதுக் கணவனுக்காக ஒருத்தி இரண்டைக் கைவிட்டாள். கிடங்கின் வண்டி நிறுத்துமிடத்தில், நோலாவின் வண்டி மேல், தலையணை உறையில் கட்டி வைத்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. இப்படிச் சேர்ந்தவை எட்டு. மூன்று, அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்புகள். நான்கு, செம்மஞ்சள் நிறச் சோளப் பாம்புகள். ஒன்று, கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள ராஜப் பாம்பு. ஒன்றுக்கும் நஞ்சில்லை. மலைப்பாம்புகளில் மூத்தவளுக்குப் பிஸ்கட் என்று பெயர், இளையவளுக்கு கிரேவி. எங்கள் ஊரில் காலையில் சாப்பிடும் இரண்டையும் அவள் வீட்டில் கையில் சுற்றிக்கொள்ளலாம் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

எட்டும் அவளுடைய டிரெய்லர் வீட்டில் எட்டுக் கண்ணாடித் தொட்டிகளில், எட்டு விளக்குகளின் கீழ்க் கிடந்தன. தகரச் சுவர் வீடு. குளிர்காலத்தில் காற்று சுவரைக் கேட்காமலே உள்ளே வரும். விளக்கின் சூடு கூரைக்குப் போகும், பாம்புக்கு வராது. பிஸ்கட் ஏழு மாதமாக எலியைத் தொடவில்லை. டப்பாக்களைச் செருகிச் சூடு கொடுக்கும் அடுக்கு ஒன்று கடையில் விற்கிறது; அதை வாங்க அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் போதாது. ஆகவே தானே செய்வது என்று முடிவெடுத்தாள். மின்ரம்பம் என்னிடம் இருந்ததால் நானும் போனேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வாசலில் மரம் அறுத்தோம்.

"பலகைய முதல்ல அறுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, கைய எடு! முதல்ல டப்பா, அப்புறந்தான் மரம். பாதிப்பேரு மரத்த அறுத்துட்டு, அதுக்குப் பொருந்துற டப்பாவத் தேடி ஊர் ஊரா அலையறான்."

எட்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். கட்டிலுக்கடியில் போர்வை வைப்பார்களே, அந்தத் தட்டையான வகை. அவற்றை வரிசையாக வைத்து அளந்தாள். பிறகு பலகை வெட்டி, இரண்டிரண்டு டப்பாவாக நான்கு தட்டு நிறுத்தினோம்.

"ஏம்மா, டப்பாவுக்கு மூடி எங்க?"

"மேல் தட்டுதான் மூடி. மேசை டிராயர் மாதிரி இழுத்தாத் தொறக்கும், தள்ளுனா மூடும். நடுவுல ஒரு காசு நுழையலாம். ரெண்டு காசு நுழைஞ்சுதுன்னா பாம்பு படுக்கையறையில இருக்கும்."

"நுழைஞ்சிடுமா அந்தச் சந்துல?"

"தலை நுழைஞ்சா ஒடம்பு நுழையும். ஒனக்கு இருக்கற மாதிரித் தொந்தி அதுக்கு இல்லயே, டெல்மர்."

காற்றுக்காகப் பற்றவைப்புக் கம்பியைச் சுட வைத்து டப்பாவில் துளையிட்டாள். ஒவ்வொரு தட்டின் பின்பக்கத்திலும், மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய பட்டையை ஒட்டினாள். டப்பாவின் பின்பாதி வெதுவெதுப்பு, முன்பாதி குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். நான்கு பட்டைகளும் ஒரே தெர்மோஸ்டாட்டில் சேர்ந்தன. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, நுனியில் சுண்டுவிரல் நகமளவு சென்சாருடன் பட்டையின் மேல் உட்கார வேண்டும். பட்டை சூடானால் சென்சார் சொல்லும், மின்சாரம் நிற்கும். ஆறினால் சொல்லும், மின்சாரம் வரும். எட்டு உயிர்களுக்கும் அந்த நகமளவுதான் காவல்.

கடைசியாகச் சென்சாரை ஒட்டும் நேரத்தில் வெள்ளி டேப் தீர்ந்துவிட்டது.

"சே!" என்றாள் நோலா. "சூட்டத் தாங்கற டேப் இது ஒண்ணுதான். கடைக்கு இருவது மைல். ஞாயித்துக்கிழமை சீக்கிரம் பூட்டிட்டுப் போயிருவான்."

நான் என் வண்டிக்குப் போய் ஒரு சுருளைக் கொண்டுவந்தேன். எங்கள் கிடங்கின் பழுப்பு டேப்.

"இருக்கவே இருக்கு நம்ம டேப்பு. அறுவது பவுண்டுப் பெட்டியக் கலிபோர்னியா வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்குது. இந்தத் துக்குணூண்டு ஒயரத் தாங்காதா?"

அவள் சிரித்தாள். "நீ செத்தா ஒன் சவப்பெட்டிக்கும் இதத்தான் ஒட்டுவாங்க. சரி, ஒட்டு. அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

மூன்று விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். கிடங்கில் கை வைத்த ஒவ்வொருவனும் அந்த டேப்பின் பக்தன். உடைந்த கண்ணாடிக்கு அது, கிழிந்த ஷூவுக்கு அது, விரல் வெட்டுப்பட்டால் காகிதத்தைச் சுற்றி அதன் மேல் அது. அது மழையைத் தாங்கும், அடியைத் தாங்கும், குளிரைத் தாங்கும். வெப்பத்தில் அதன் பசை இளகும் என்பதைப் பத்தொன்பது ஆண்டுகளில் நான் அறியவில்லை. எப்படி அறிவேன்? ஒட்டி அனுப்புவதோடு எங்கள் உலகம் முடிந்துவிடுகிறது. லாரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி யாரும் எங்களை அனுப்பியதில்லை.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது; டேப்பை மாற்றும் நினைவே எங்களுக்கு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, நோலா வருகை பதியும் இயந்திரத்தில் அட்டையைத் தேய்ப்பதற்கு முன்பே கத்தினாள்: "பிஸ்கட் தின்னுட்டா! ஏழு மாசம், டெல்மர்! முழு எலி!" அன்று அவள் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாள். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பவர்களும் கோப்பையை உயர்த்திப் பிஸ்கட்டின் பசிக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

மறுநாள்தான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை.

எங்கள் கிடங்கில் கைபேசியைப் பூட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம், பன்னிரண்டுக்கு அரை மணி நேரம், இரண்டேகாலுக்கு இன்னொரு கால் மணி நேரம், அப்போதுதான் எடுக்கலாம். பிஸ்கட்டின் டப்பாவில் நோலா ஒரு மலிவான வெப்பமானி வைத்திருந்தாள். அது காட்டும் எண் அவள் கைபேசிக்கு வரும். எங்கள் பாரன்ஹீட் கணக்கில் எண்பத்தெட்டு அந்த இனத்துக்கு இதம். நூறு ஆபத்து. நூற்றைந்துக்கு மேல் பிழைக்காது.

ஒன்பது மணிக்கு அவள் கைபேசியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"தொண்ணூத்தேழு காட்டுது. மானி கெட்டுப்போச்சா?"

டேப் விழுந்திருக்கிறது. சென்சார் பட்டையை விட்டுக் கழன்று, பிப்ரவரி மாதத்துக் குளிர்ந்த தரையில் கிடக்கிறது. தரையின் குளிரை அளந்து, ‘இன்னும் சூடு வேண்டும், இன்னும் சூடு வேண்டும்’ என்று அது தெர்மோஸ்டாட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பட்டைகள் நான்கும் நிற்காமல் எரிகின்றன. இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் விளங்கிற்று. நான் சொன்னது என்ன தெரியுமா?

"மானியாத்தான் இருக்கும்" என்றேன்.

மணி அடித்தது. கைபேசி அலமாரிக்குள் போயிற்று. மூன்று மணி நேரம் அவள் பெட்டியில் குவளை அடுக்கினாள். நான் டேப் ஒட்டினேன். அதே டேப்.

பன்னிரண்டு மணிக்கு நூற்று நான்கு. சாப்பாட்டைத் தொடாமல் எங்கள் மேற்பார்வையாளன் பிரெண்ட்டிடம் ஓடினாள். முப்பது வயதிருக்கும் அவனுக்கு, கெட்டவன் அல்லன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

"பிரெண்ட், நான் வீட்டுக்குப் போகணும். ஒரு மணி நேரம். போயிட்டு வந்துடறேன்."

"என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல. என் பாம்புங்க வேகுதுங்க. சூட்டுப்பட்டை நிக்கல. பிளக்கப் புடுங்கிட்டு வந்துடுவேன்."

பிரெண்ட் என்னைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். "பாம்பா? நோலா, காரணம்ங்கற கட்டத்துல நான் என்னத்த எழுத? ‘பாம்பு’ன்னு எழுதுனா மேல இருக்கறவன் என்னத்தான் பைத்தியம்பான்."

"அவசரம்னு எழுது."

"அவசரம்னா பட்டியல் இருக்கே. அம்மா, அப்பா, புருஷன், பெண்டாட்டி, புள்ள. நாயே அதுல இல்ல. நீ பாம்பச் சொல்ற." குரலைத் தாழ்த்தினான். "போ, நான் தடுக்கல. கதவு தொறந்துதான் இருக்கு. ஆனா பாதியில போனா அரைப் பாயிண்டு. உன் கணக்கு ஏழரை."

அந்தக் காகிதம் இதுதான், நண்பர்களே. வருகை விதி. எட்டுப் புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை. அவளுக்கு ஏழரை எப்படிச் சேர்ந்தது? பனி உறைந்த சாலையில் பத்து நிமிடம் தாமதம், அரை. பல்வலி, ஒன்று. காய்ச்சல் மூன்று நாள், மூன்று. அவளை எடுத்து வளர்த்த சித்தியின் அடக்கத்துக்குப் போனதற்கு இரண்டு. பட்டியலில் அம்மா உண்டு, சித்தி இல்லை. வண்டி பழுது, ஒன்று. வாழ்ந்ததற்கு விதித்த தண்டனை ஏழரை. இன்னும் அரைப் புள்ளி வாழ்ந்தால் வெளியே.

"நான் போனா என்ன?" என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். என் கணக்கு ஆறு. ரூத்தான் என்ற என் மனைவி வாரம் மூன்று முறை சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகிறாள்; அதற்கான காப்பீடு இந்தக் கிடங்கின் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. அரைப் புள்ளி என்னைக் கொன்றிருக்காது. ஆனால் ஆறு ஆறரையாகும், ஆறரை ஏழாகும் என்று ஒரு கணக்குப்பிள்ளை என் தலைக்குள் உட்கார்ந்து எண்ணத் தொடங்கிவிட்டான். ‘நான் போகிறேன்’ என்ற இரண்டு சொற்கள் வாய்வரை வந்தன. விழுங்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் மீதி இருந்தது. நோலா பக்கத்து டிரெய்லரில் இருக்கும் மார்வெல் அம்மாளை அழைத்தாள். எழுபது வயது, கைபேசியில் பேசும்போது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் கத்துவாள். எனக்கும் கேட்டது.

"உன் வீட்டுக்குள்ளயா? நானா? கண்ணு, கழுத்துல கத்தி வெச்சாலும் மாட்டேன்!"

"ஒரே ஒரு பிளக்கு, மார்வெல். எல்லாம் டப்பாக்குள்ள இருக்கு. ஒண்ணும் வெளிய வராது."

"ஏவாள்கிட்டயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லிச்சு அந்தப் பாம்பு!"

"சரி, உள்ள போகாத. வெளிய மீட்டர் கம்பத்துல ஒரு பெட்டி இருக்குல்ல? அதத் தொறந்து பெரிய சுவிட்ச கீழ தட்டிடு. வீடு முழுக்கக் கரண்டு நின்னுடும். அது போதும்."

"அதச் செய்வேன். கோட்டு மாட்டிக்கிட்டு இப்பவே போறேன்."

நோலாவின் முகத்தில் அன்று முதன்முறையாகத் தெளிவு வந்தது. எதிரே இருந்த ரொட்டியை இரண்டே கடியில் தின்றாள். மணி அடித்தது, கைபேசி பூட்டுக்குள் போயிற்று. அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் நம்பிக்கையோடு வேலை செய்தாள். என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணைக்கூடச் சிமிட்டினாள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

இரண்டேகாலுக்கு மார்வெல் அம்மாளின் குரல் கைபேசியில் பதிவாகியிருந்தது. மூச்சு வாங்கியது. "கண்ணு, பெட்டியில பூட்டு தொங்குது. நெலத்துக்காரன் போட்டது. அவனுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. ஃபுளோரிடாவுல வெயில் காய்றான் போல. சுத்தியலால பூட்ட அடிச்சுப் பாத்தேன், கைதான் வலிக்குது. அப்புறம் வாசப் பூந்தொட்டிக்கடியில இருந்த சாவிய எடுத்து உன் வீட்டயே தொறந்தேன். சமையலறை வரைக்கும் போயிட்டேன், கண்ணு. சத்தியமா. அங்க செவத்துல ஒரு தோலு தொங்குச்சு, முழுசா, வாயோட. என் காலு நகரல. ஏசுவே, என்னால முடியல. மன்னிச்சுடு."

பிஸ்கட் உரித்த முதல் தோல் அது. அழகென்று சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

வெப்பமானி நூற்றுப் பதினொன்று என்றது. நோலா தீயணைப்பு நிலையத்தை அழைத்தாள்.

"புகை வருதாம்மா?"

"இல்ல."

"தீ தெரியுதா?"

"இல்ல. சூடு மட்டும் ஏறிக்கிட்டே போகுது."

"வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்களா?"

"எட்டுப் பேரு" என்றாள். பிறகு உண்மையைச் சொன்னாள். எதிர்முனை கண்ணியமாகவே பேசிற்று. புகை வந்தால் உடனே அழைக்கச் சொல்லிற்று.

"போ நோலா" என்றேன் நான், அப்போதாவது. "வேலை போனாப் போகட்டும்."

"போனா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வேலை போனா எடத்து வாடக கட்ட முடியாது. எடம் போனா வீடு போகும். அப்புறம் அதுங்கள எங்க வெச்சுக் காப்பாத்துவேன்? வண்டியிலயா? இந்தப் பனியிலயா? இப்பப் போனாலும் சாகும், போகலன்னாலும் சாகும், டெல்மர். எது மெதுவான்னுதான் கேள்வி."

நாலரைக்கு வேலை முடிய வேண்டும். அதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது பிரெண்ட் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றான். கட்டாயக் கூடுதல் வேலை, ஆறரை வரை. நாற்பது பேர் ஒரே மூச்சாக முனகினோம். நோலா கையிலிருந்த குவளையை மேசை மேல் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். எங்கள் தளத்தின் கதவில் பூட்டுக் கிடையாது. அதைப் பூட்டுவது சட்டப்படி குற்றம். குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. தள்ளினால் திறக்கும். அவள் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தாள்.

நாற்பது பேரும் அவள் முதுகைப் பார்த்தோம். பெட்டிகளை நகர்த்தும் சுமைப்பட்டை நின்றது. அவள் தோள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. யாராவது எழுந்து பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். நாற்பது பேருக்கும் அரைப் புள்ளி போட்டுவிட்டு எந்தக் கிடங்கும் மறுநாள் பெட்டி அனுப்ப முடியாது. அந்தக் கணக்கு யாருக்கும் அப்போது வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் கையை எடுத்தாள். திரும்பி வந்து குவளையைக் காகிதத்தில் சுற்றினாள்.

ஆறே முக்காலுக்கு அவள் வீட்டில் இருந்தோம். நோலா ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒன்பது மணியிலிருந்து கைகள் ஏங்கிய வேலை. ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அறை முழுவதும் சுட்ட பிளாஸ்டிக் வாடை. அடுக்கு நாங்கள் கட்டியபடியே நேராக, உறுதியாக, ஒரு காசுச் சந்துகூடப் பிசகாமல் நின்றது. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தோம். ஒன்றுகூடத் தப்பி வெளியே வர முடியாதபடி.

முதல் டப்பாவை இழுத்தாள். பிஸ்கட் முன்பக்கத்தில், குளிர்ச்சியாக இருக்க வேண்டிய மூலையில், டப்பாவின் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தாள். மூக்கு நுனியில் தோல் தேய்ந்து சிவந்திருந்தது. பந்தாகச் சுருளவில்லை. அஞ்சினால் சுருளுகிற இனம், சுருளக் குளிர்ந்த இடம் இல்லாமல் நீளமாகக் கிடந்தது. கிரேவியும் அப்படியே. எட்டு டப்பாக்களையும் நோலா ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னாள். தரையை ஒட்டியதால் சூடு சற்றுக் குறைந்திருந்த கடைசித் தட்டில் ஒரு சோளப் பாம்பு நாக்கை நீட்டிற்று. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, வெதுவெதுப்பான நீரில் பிடித்தாள். ஈரத் துணியால் போர்த்தினாள். அதன் முகத்தில் ஊதினாள். அது அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. முக்கால் மணி நேரம் பிடித்திருந்தது. பிறகு பிடி தளர்ந்தது.

அடுக்குக்குப் பின்னால் தரையில் சென்சார் கிடந்தது. இலை சுருண்டதுபோல் பழுப்பு டேப் அதன் மேல் சுருண்டிருந்தது.

"நான்தான் நோலா" என்றேன். "நான்தான் ஒட்டுனேன்."

"தெரியும். காலைல ஒம்பது மணிக்கே ஒன் மூஞ்சி சொல்லிடுச்சு."

"அப்பவே ஏன் என்னப் போகச் சொல்லல? ரெண்டு அறை விட்டுச் சொல்லியிருக்கலாமே."

"ரூத்தானுக்கு நாளைக்குச் சிகிச்சை இல்ல?" என்றாள்.

நிலம் உறைந்து கிடந்ததால் புதைக்க முடியவில்லை. எட்டையும் ஒரே டப்பாவில் வைத்து, நிலம் இளகும்வரை கொட்டகையில் வைத்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நோலா ஏழாம் மேசையில் இருந்தாள். ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நிறுவனத்தின் செலவில் பீட்சா வந்தது. முந்தின நாள் இலக்கைத் தாண்டிவிட்டோமாம். பிரெண்ட் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"நோலா, அந்த... அதுங்க... என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

பிரெண்ட் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். "எனக்கும் ஏழு பாயிண்டு இருக்கு நோலா" என்றான், அவள் கேட்காமலே. பிறகு பீட்சாவை அவள் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அது மாலைவரை அங்கேயே கிடந்து காய்ந்தது.

இதைத்தான் அநீதி என்று உங்கள் முன் வைக்கிறேன். டேப் ஒட்டிய கை என்னுடையது. அதற்கான தண்டனையை நான் மறுக்கவில்லை. ஆனால் டேப் கழன்றது ஒரு பிழை. பிழையைத் திருத்த ஒன்பதரை மணி நேரம் இருந்தது. பாதையும் இருந்தது, வண்டியும் இருந்தது, திறந்த கதவும் இருந்தது. அந்த ஒன்பதரை மணி நேரத்தையும் ஒரு பட்டியல் தின்றது. யார் செத்தால் நீ அழலாம், யார் சாகும்போது நீ ஓடலாம் என்று அடுத்தவன் எழுதி வைத்த பட்டியல். இன்று பாம்பு இல்லை என்று சிரிக்கிறோம். நேற்று அதே பட்டியலில் சித்தி இல்லை. அன்று யாரும் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை.

நான் ஒரு தாள் எழுதி ஓய்வறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரே வாக்கியம்: ‘தன்னை நம்பி வாழும் உயிர் ஒன்று ஆபத்தில் இருந்தால் தொழிலாளி போகலாம்; அந்த உயிர் எதுவென்று கேள்வி இல்லை; போனதற்குப் புள்ளி இல்லை.’ நாற்பது பேரில் பதினொருவர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நோலா இடவில்லை. தாளை இரண்டு முறை படித்தாள், பேனாவை எடுத்தாள், என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஏழரை" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இப்படி ஒரு விதித்தாள் இருக்கிறது. சேர்ந்த நாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நாளைக் காலை அதைக் கேட்டு வாங்குங்கள். உணவு நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படியுங்கள். அதில் யார் இல்லை என்று பாருங்கள். இல்லாதவர்களைப் பேர் பேராக எழுதிச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பெயரையும் அதன் கீழே எழுதுங்கள். ஏழரை உள்ளவர் எழுதமாட்டார், எழுத முடியாது; ஒன்றும் இரண்டும் உள்ள நீங்கள் முதலில் எழுதுங்கள். அடுத்த முறை உங்களில் ஒருத்தி தனியாக எழுந்து நடக்கும்போது, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்திருங்கள், நாற்பது பேரும்.